அட்டையில் தமிழில் எழுதியது

போன மாதம் ஷாலினி ஒரு தாளைப் படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மல்வேர்னில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த பள்ளிக்கூட ஒஃபிசில், என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். இங்கே பிறந்த பிள்ளை. தாளில் இரண்டு நிரல்கள் இருந்தன. இடப்பக்கத்தில் சொல்லக்கூடாத சொற்கள், வலப்பக்கத்தில் அவற்றுக்குப் பதிலாகச் சொல்லவேண்டியவை. இந்த நாட்டில் தங்க அனுமதி இல்லாமல் இருப்பவர்களை இனி 'இல்லீகல்' என்று சொல்லவோ எழுதவோ கூடாதாம். 'ஆவணமற்றவர்' என்றோ 'அந்தஸ்து இல்லாதவர்' என்றோ சொல்லவேண்டுமாம். இதை வைத்து ஸ்ராஃப் ரூமில் இரண்டு நாளாக வாக்குவாதம் என்று கீழே எழுதியிருந்தாள்.

பிறகு குரலிலும் ஒரு செய்தி வந்தது. "அன்ரி, பாதிப் பேர் சொல்லினம் இது ஜஸ்ற் வேர்ட்ஸ், வை சோ மச் ட்ராமா எண்டு. மற்றப் பாதி அழாத குறை. நீங்க என்ன நினைக்கிறீங்க? ஷோர்ட்டா சொல்லுங்கோ, ப்ளீஸ்."

ஷோர்ட்டாகச் சொல்ல எனக்கு வராது. அவளுக்கும் அது தெரியும்.

பதில் எழுதுவதற்கு முதல், அந்தத் தாளை எங்கள் ஓய்வுபெற்றவர்களின் குழுவில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு அண்ணை எழுதினார்: "இல்லீகல் எண்டால் இல்லீகல்தான். நாங்கள் லைனிலை நிண்டு முறையா வந்தனாங்கள்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவர் எந்த லைனில் நின்று வந்தார் என்பதும் தெரியும்.

நான் வந்தது என்னைவிட ஒன்பது வயது கூடிய ஒரு பெண்ணின் பாஸ்போட்டில். ஏஜென்ற் தந்தது. அந்த வயதுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டும் வைத்து, விமான நிலையத்தில் நடையைக்கூட மாற்றி நடந்தேன். இறங்குவதற்கு முதல் அந்தப் பாஸ்போட்டைக் கிழித்து விமானக் கழிவறையில் போட்டேன். பிறகு சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே அறை வீட்டில் ஏழு பேர். அகதி வழக்கு வென்றது. இரவு வகுப்பில் ஆங்கிலம், ரைப்பிங், பகலில் தொழிற்சாலை. கல்யாணம், மல்வேர்னில் வீடு, பள்ளிக்கூடத்தில் முதலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, பிறகு ஒஃபிஸ். வந்த முதல் பத்து வருடத்தையும் இதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான், பாஸ்போட்டின் நிறம் மட்டும் வேறு.

ஒஃபிசில் எனக்கு மேலே இருந்தவர் மிஸ் ஜோய்ஸ். ட்ரினிடாட்டில் பிறந்தவர். பெரிய உருவம், சின்னக் குரல். பிறின்சிப்பல்மார் வருவார்கள், போவார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தியது மிஸ் ஜோய்ஸ்தான். அவர் ஒரு பிள்ளையைப் பதிகிற விதத்தைச் சொல்லவேண்டும்.

புதிதாக ஒரு தாயோ தகப்பனோ கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றால், நாங்கள் மற்றவர்கள் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே படிவத்தை நீட்டுவோம். மிஸ் ஜோய்ஸ் எழுந்து, கவுண்டரைச் சுற்றி வெளியே போவார். அங்கே பிள்ளைகள் காத்திருக்கும் சிறிய கதிரைகள் இருந்தன. அந்த உடம்பை அந்தக் கதிரையில் எப்படியோ இருத்தி, வந்தவரையும் பக்கத்தில் இருக்கச் சொல்வார். "பாஸ்போட் எங்கே, இமிகிரேஷன் பேப்பர் எங்கே" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள், பார்ப்போம்" என்பார்.

தாய்மார் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தடுப்பூசி அட்டை. "நல்லது." வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதம். "நல்லது." பிறந்த திகதி உள்ள ஏதாவது ஒரு துண்டு. "மிகவும் நல்லது." கடைசியில் சிலர் பைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிவார்கள். அதற்குமேல் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. மிஸ் ஜோய்ஸ் உடனே பேச்சை மாற்றி, பிள்ளைக்கு எந்த நிறம் விருப்பம் என்று கேட்பார். தாய் தகப்பனுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லையென்றாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெண் தலையை நிமிர்த்துவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது மிஸ் ஜோய்ஸின் கையில்தான் இருந்தது.

பதிந்த பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் அட்டை போடுவோம். அவசரத்துக்கு யாரை அழைப்பது, என்ன ஒவ்வாமை, யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கவுண்டருக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்போம். சில குடும்பங்களுக்கு வீட்டுத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, தபால் அனுப்பக்கூடாது. அதையெல்லாம் மிஸ் ஜோய்ஸ் மனதில் வைத்திருப்பார். எனக்கு அந்த மூளை இல்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்: அட்டையின் மூலையில் தமிழில் எழுதி வைப்பேன்.

'தகப்பனோடு கதைக்க வேண்டாம், குடி.' 'மாமி சண்டைக்காரி.' 'இந்த அம்மா பொய் சொல்லும்.' ஒஃபிசில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. நல்ல இரகசிய எழுத்து என்று எனக்குப் பெருமை வேறு. வாசலில் பிள்ளைகளை விட வருகிற தாய்மாரில் எத்தனையோ பேர் என்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பவர்கள் என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

வதனியின் மகள் நிவேதா மூன்றாம் வகுப்பு. வதனி மட்டக்களப்புப் பக்கம். புருஷன் இல்லை. இரண்டு தடவை வழக்குத் தள்ளுபடியாகி, போகச் சொல்லிக் கடிதமும் வந்த பிறகு, யாரோ ஒருவரின் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருந்தாள். இதை அவள் எனக்குச் சொன்னது தமிழில், மெதுவாக, நம்பி. வீட்டுக்காரிக்கு விஷயம் தெரியாது, அவளுடைய நம்பருக்குத் தயவுசெய்து அழைக்க வேண்டாம் என்று கேட்டாள். "ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அவள் போனதும் அட்டையை எடுத்து மூலையில் எழுதினேன்: 'கள்ள ஆக்கள். வீட்டுக்குப் போன் எடுக்கக்கூடாது.'

மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நாங்கள் வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அப்படித்தான் கதைப்போம். அவன் கள்ளமாய் நிற்கிறான், அதுகள் கள்ள ஆக்கள், என்று சோறு போட்டுக்கொண்டே சொல்வோம். அவளைப் பாதுகாக்கத்தான் எழுதினேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மிருகக்காட்சிச்சாலைப் பயணத்துக்கான கடிதத்தில் கையெழுத்து வைக்க வதனி மகளோடு வந்தாள். ஒரு நம்பரை மாற்றவேண்டும் என்றாள். அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது, திரும்பிப் பேசினேன். பேசி முடித்துத் திரும்பினால் இரண்டு பேரும் இல்லை. கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. பேனை மூடிகூடத் திறந்தபடி. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்து அட்டையைப் பெட்டிக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நிவேதா வரவில்லை. திங்கள், செவ்வாய், புதனும் வரவில்லை. புதன் பின்னேரம் மிஸ் ஜோய்ஸ் வரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த அட்டையை எடுக்கச் சொன்னார். எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"இந்த மூலையில் என்ன எழுதியிருக்கிறாய், ராணி?" என்று கேட்டார்.

"குடும்பத்திடம் பேப்பர் இல்லை, வீட்டுக்கு அழைக்க வேண்டாம் என்று" என்றேன். வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இதை வாசித்துவிட்டா ஒரு தாய் கையெழுத்தும் போடாமல் போனாள்?"

அட்டையை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"எழுதியதை எழுதியபடி சொல்லு."

ஆங்கிலத்தில் சொன்னேன். கள்ளர்கள், திருட்டு ஆட்கள். தமிழில் நாக்கில் தங்காமல் போகிற சொல்லை, மிஸ் ஜோய்ஸின் முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் சொல்லும்போது வாய் கூசியது. அதற்குமுதல் அதை அழகாக மாற்றிச் சொல்ல என் வாய்க்குத் தானாகவே தெரிந்திருந்ததே, அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அது சரியில்லாத சொல் என்பது எனக்கு முதலே தெரிந்திருக்கிறது.

மிஸ் ஜோய்ஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "தமிழ் எழுதிய அட்டைகள் எல்லாவற்றையும் எடு" என்றார். முப்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று பள்ளி விட்ட பிறகும் நாங்கள் இரண்டு பேரும் இருந்து புது அட்டைகள் எழுதினோம். ஆள் எப்படி என்று எழுதாதே, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் எழுது என்றார். 'தகப்பன் குடி' என்பது 'தாயோடு மட்டும் கதைக்கவும்' ஆகியது. 'இந்த அம்மா பொய் சொல்லும்' என்பதற்கு நாங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்பதால் அங்கே ஒன்றுமே எழுதவில்லை. வதனியின் அட்டையை மட்டும் எடுத்து என் கையில் தந்தார். "இதற்கு என்ன எழுதுவது என்று அவளிடமே கேட்டு வா."

எங்கள் வழக்கப்படி, வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லாமல் பிள்ளை மூன்று கிழமை, அதாவது பதினைந்து பள்ளி நாள், வராவிட்டால் விஷயம் வரவு அலுவலரிடம் போய்விடும். அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். அவர் பொலிஸ் இல்லை, தங்கமான மனிதர். ஆனால் வதனி போன்றவர்கள் தட்டுகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அன்றிரவே வேறு பேஸ்மென்றுக்குப் போய்விடுவாள், நிவேதாவை நாங்கள் எந்தப் பட்டியலிலும் பிறகு காணமாட்டோம். படிப்பில் கெட்டிக்காரி. வாசிப்புப் போட்டிக்கு அவளுடைய பெயரைத்தான் ரீச்சர் எழுதி வைத்திருந்தார்.

தாய் அழைத்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி போட்டால் நாள் எண்ணுவது நின்றுவிடும். மிஸ் ஜோய்ஸிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அவள் அழைக்கவில்லையே, ராணி" என்றார். "போய்த் தேடு."

எங்கே தேடுவது? வீட்டுக்குப் போகமுடியாது, வீட்டுக்காரிக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். யோசித்துப் பார்த்தபோது, நிவேதாவின் மதியச் சாப்பாடு எப்போதும் ஒரே தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பெயர் மூடியில் போட்ட பெட்டியில் வருவது ஞாபகம் வந்தது. வதனிக்கு அங்கேதான் வேலையாக இருக்கும் என்று ஊகித்து, சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பியிடம் வதனி இருக்கிறாவா என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை வேலை செய்யேல்லை, அக்கா" என்றான். முகம் இறுகிப்போய்விட்டது. கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். குளிர்கோட், கைப்பை, கோட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்து கழற்ற மறந்த ஒஃபிஸ் அட்டை. அவனுக்கு நான் யாராகத் தெரிந்திருப்பேன் என்று விளங்கியது. யாருக்குப் பயந்து ஒருகாலம் நான் கதவுக்குப் பின்னால் நின்றேனோ, அந்த ஆளாகத்தான்.

இருபது இடியப்பமும் சம்பலும் வாங்கிக்கொண்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து திரும்பவும் போனேன். அதே பதில், அதே இடியப்பம். வீட்டில் மனுஷன், "என்னப்பா, இனி எங்களுக்குச் சோறே இல்லையோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை மூன்றாம் தரம் போனேன். இந்தமுறை ஆளைக் கேட்கவில்லை. உள்ளே சமைக்கிற குசினிக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்:

"தம்பி, நான் பள்ளிக்கூடத்து ராணி. அந்த அட்டையிலை எழுதினது நான்தான். எழுதினது பிழை எண்டு சொல்ல வந்தனான். வேறை ஒண்டுக்கும் வரேல்லை."

அவன் என்னைப் பார்த்தான். "இடியப்பம் எத்தினை?" என்றான்.

"முப்பது."

உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் பார்சலோடு வெளியே வந்தது வதனி. தலையில் வலைத்தொப்பி, கையெல்லாம் மா. கடைக்குப் பின்பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். குளிரில் இரண்டு பேரும் நின்றோம்.

"இங்கிலீசில எழுதியிருந்தா நான் பேசாம இருந்திருப்பன், அக்கா. எனக்கு வெளங்காது" என்றாள். "தமிழில எழுதினீங்க. உங்களிட்டத்தானே நான் வாயத் திறந்து எல்லாத்தையும் சொன்ன."

நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். அவள் நிறுத்தவில்லை.

"புள்ளையும் வாசிச்சிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீங்கதானே அவளப் பதிஞ்சுவிட்ட? பஸ்ஸில வரக்குள்ள கேக்காள், 'அம்மா, நாம கள்ளரா?' எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "நானும் வேறை ஆளின்ரை பாஸ்போட்டிலைதான் வந்தனான், வதனி" என்றேன்.

"ஓம், தெரியும். அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தானே வந்த" என்றாள். அதில் கோபம் இல்லை. "நீங்க மறந்திட்டீங்க, அவ்வளவுதான்."

இத்தனை வருடத்தில் எனக்கு எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவள் பார்சலை என் கையில் வைத்தாள்.

"எனக்குச் சொல்லி என்ன? புள்ளைக்குச் சொல்லுங்க."

திங்கட்கிழமை வருவாயா என்று கேட்டதற்கு, "பாப்பம்" என்றாள். அந்தச் சொல்லை நம்பிப் படுத்தேன், நித்திரை வரவில்லை.

திங்கட்கிழமை நிவேதா வராத பன்னிரண்டாவது பள்ளி நாள். மணி அடித்தது, தேசிய கீதம் முடிந்தது, வாசல் வெறிச்சோடியது. நான் கணக்கில்லாத தடவை யன்னலுக்குப் போய்வந்தேன். மிஸ் ஜோய்ஸ் தன்பாட்டில் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். பத்தே கால் போல வெளிக்கதவு மணி அடித்தது. வதனி, அவளுடைய கோட்டுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி நிவேதா.

நான் எழுந்து, கவுண்டரைச் சுற்றி வெளியே போய், அந்தச் சின்னக் கதிரையில் இருந்தேன். அட்டை என் கையில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது என்று இரவு முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இது நான் எழுதினது, நிவேதா. பிழையா எழுதிப்போட்டன். நீங்கள் கள்ளர் இல்லை" என்றேன். "நானும் இந்த நாட்டுக்கு வரேக்கை என்னட்டை சரியான பேப்பர் இருக்கேல்லை."

அவள் தாயின் கோட்டை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"அப்ப உங்கட அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு அட்டை இல்லை, அம்மா. என்னைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை."

"அப்ப எனக்கும் ஒண்டும் எழுத வேணாம்" என்றாள்.

இதுதான் ஷாலினி, நீ கேட்ட ஷோர்ட்டான பதில், கொஞ்சம் நீண்டுபோய்விட்டது. உன்னுடைய தாளின் வலப்பக்கச் சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது சும்மா சொல்தானே என்கிறவர்கள், அந்தச் சொல் ஒருநாளும் தங்கள் பிள்ளையின் அட்டையில் ஏறாதவர்கள். எழுதியே ஆகவேண்டிய இடத்தில் நல்ல சொல்லை எழுது. ஆனால் பேனையை எடுப்பதற்கு முதல், இதை எழுதத்தான் வேண்டுமா என்று ஒருதரம் யோசி. நான் அன்று தாயிடம் கேட்டுப் புது அட்டையில் எழுதியது ஒரே ஒரு வரி: 'எது என்றாலும் பின்னேரம் வாசலில் தாயிடம் நேரே சொல்லவும்.' ஆறாம் வகுப்புவரை அந்த வரி போதுமாக இருந்தது. பிறகு அவர்கள் ஒஷாவாப் பக்கம் மாறிப்போனார்கள். வழக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. மாற்றல் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. இருவரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் இப்போதும் விளக்கேற்றும்போது நினைப்பதுண்டு.

அன்று காலை இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை ஒஃபிசில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் போகலாம். பெயர், நேரம், பிந்திய காரணம். காரணத்துக்கு நாங்கள் வழமையாக எழுதுவது பஸ், பனி, பல் வைத்தியர். பெயரையும் நேரத்தையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ஒஃபிசின் பிழை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மிஸ் ஜோய்ஸ் வாங்கிப் பார்த்தார், முத்திரை குத்தி நிவேதாவிடம் கொடுத்தார்.

அவள் அதை அங்கேயே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒஃபிஸ் எண்டா நீங்கதானே?"

"ஓம். நான்தான்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி வகுப்புக்கு ஓடினாள்.